தண்ணீர்மலைத் தண்ணீரும் தமிழர் நாணமும்

ஆற்றைத் தாய் என்று அழைப்பதில் நம்மவர்க்கு நிகரானவர் உலகத்தில் இல்லை. மேடையேறினால் காவிரி, வாய் திறந்தால் வையை. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த நுட்பத்தை ஒரு மணி நேரம் விரித்துரைக்கவும் நம்மிடம் ஆட்கள் உண்டு. ஆனால், அந்தத் தாயின் உடம்பில் என்ன நோய் என்று பார்க்க நம் வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டால், உடனே கேட்கின்றோம்: "படித்த பெண்ணுக்குச் சாக்கடையில் என்ன வேலை?"

இந்தக் கேள்வியைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம். கேட்கின்றவர்கள் இதனை ஒரு சிறு கேலி என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அழுக்கைச் செய்தவனை மதித்து அழுக்கைத் தொட்டவனை இழித்த பழைய வழக்கம் சாகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அவ்வழக்கம் இன்று ஆற்றைக் கெடுக்கின்றவர்களுக்கு எவ்வளவு பெரிய துணையாக நிற்கின்றது என்பதையும் எடுத்துக் காட்டுவோம்.

பினாங்குத் தீவில் தண்ணீர்மலையை அறியாத தமிழர் இலர். தைப்பூசத்துக்குத் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் திரள்திரளாக வந்து ஏறும் மலை அது. பெயரிலேயே தண்ணீர் இருக்கின்றது. அம்மலைப் பக்கத்து அருவியிலிருந்து இறங்கும் நீர் தாவரப் பூங்காவைக் கடந்து வந்து, ஆயர் ஈத்தாம் ஆற்றுடன் கூடிப் பினாங்கு ஆறு என்னும் பெயர் பெறுகின்றது. பிறகு ஜோர்ஜ் டவுன் நகரத்தின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் இடையே நெளிந்து சென்று கிழக்குக் கரையில் கடலில் விழுகின்றது. மலையில் அடிக்கல் தெரிய ஓடுகின்ற நீர், சில மைல் தூரத்துக்குள் கறுத்து நாறி மூக்கைப் பொத்த வைக்கின்றது. நீரைப் பெயராகக் கொண்ட மலைக்கு நேர்த்திக்கடன் செலுத்துகின்றோம். அம்மலையின் நீர் நகருக்குள் வந்தபின் என்னவாயிற்று என்று கேட்பதற்கு நம்மில் ஆயிரத்தில் ஒருவர் உண்டா?

அதே ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் தோபி காட் என்று ஓர் இடம் இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த தமிழ்ச் சலவைத் தொழிலாளர் துறை அமைத்துத் துணி வெளுத்த இடம் அது. நம்மவர் அதனை வண்ணான் துறை என்றனர். ஊராரின் அழுக்கைக் கழுவி வெள்ளையாக்கிக் கொடுத்தவர்களை ஊரார் தாழ்ந்தவர் என்றனர். அழுக்கை உண்டாக்கியவர்களோ அவர்கள் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு உயர்ந்தவர் ஆயினர். நகரத் தெருக்களைக் கூட்டியவர்களுக்கும் சாக்கடை வாரிய தென்னிந்தியத் தொழிலாளர்களுக்கும் கிடைத்த மதிப்பும் இதுவே. கப்பலேறிக் கடல் கடந்து வந்தோம். கூடவே இந்தக் கணக்கையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்தோம். அந்தக் கணக்கே இன்று பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் படிக்கும் பெண்ணின் முன்னால் வந்து நின்று, "சாக்கடையில் என்ன வேலை?" என்கின்றது.

தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் பயிலும் ஒரு மாணவி, தம்முடைய தொழிற்பயிற்சிக் காலத்தைப் பற்றி நம்மிடம் விரிவாகக் கூறினார். அவர் பெயரும் பயிற்சி பெற்ற இடமும் இங்கே வேண்டுவதில்லை. அவர் சொன்னவை அவர் ஒருவருக்கே நேர்ந்தவையும் அல்ல.

முதல் வாரம் முழுவதும் அவருக்குக் குப்பி கழுவும் வேலை. பட்டம் படிக்க வந்தவளுக்கு இதுவா என்று அவர் மனம் முதலில் வாடிற்றாம். பிறகுதான் விளங்கிற்று: குப்பியில் ஒட்டியிருக்கும் முந்திய நாள் அழுக்கு ஒரு துளி இருந்தாலும், ஆற்றின்மேல் பொய்க் குற்றம் சாட்டியதாகும். ஆகையினால் எடுக்கப் போகும் ஆற்று நீராலேயே குப்பியை மும்முறை அலச வேண்டும். நீரை நிரப்பியபின் காற்றுக் குமிழி இல்லாமல் மூட வேண்டும். நாளும் நேரமும் இடமும் எழுதி ஒட்ட வேண்டும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வுக்கூடம் சேர்க்க வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவனுக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டுமோ, அவ்வளவு எச்சரிக்கை ஒரு குப்பித் தண்ணீருக்கும் வேண்டியிருக்கின்றது.

அப்படி எடுத்த நீரில் எதை அளக்கின்றார்கள் என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். மீன், நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைக் கொண்டே மூச்சு விடுகின்றது. ஆற்றில் கழிவு விழுந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை அப்பிராணவாயுவைச் செலவழித்து விடுகின்றன. கழிவு மிகுந்தால் வாயு தீர்ந்து மீன் திணறிச் சாகும். வாயு இல்லாமலே வாழும் வேறு நுண்ணுயிர்கள் தலையெடுத்து அழுகிய முட்டை நாற்றத்தை எழுப்பும். ஆற்றங்கரையில் நாம் மூக்கைப் பொத்துகின்றோமே, அந்த நாற்றம் ஆறு மூச்சடைத்துப் போனதன் அடையாளம். நீரைக் குப்பியில் அடைத்து, 20 டிகிரி சூட்டில் 5 நாள் இருட்டில் வைத்து, முதலிலும் முடிவிலும் இருந்த பிராணவாயுவை அளந்தால், அந்த நீரின் அழுக்கு எவ்வளவு வாயுவைத் தின்றதென்று கணக்குக் கிடைக்கும். இத்துடன் கரைந்துள்ள பிராணவாயு, இரசாயன வழியில் செலவாகும் பிராணவாயு, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் மண் தூள், காடியா காரமா என்னும் அளவு ஆகியவற்றையும் சேர்த்து ஆறு அளவுகளால் மலேசியச் சுற்றுச்சூழல் துறை ஓர் ஆற்றுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகின்றது. 81-உம் அதற்கு மேலும் பெற்றால் தூய ஆறு. 60 முதல் 80 வரை சிறிது கெட்ட ஆறு. அதற்கும் கீழே போனால் கெட்ட ஆறு.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. பினாங்கு ஆற்றின் கீழ்ப்பகுதி கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்டது. கடல் ஏறும்பொழுது உப்பு நீர் கலந்து அழுக்கு இளைத்துக் காணும். வற்றும்பொழுது ஆறு தன் உண்மை முகத்தைக் காட்டும். ஆகவே இரண்டு வேளையிலும் எடுத்து, இரண்டையும் எழுதுவதே நேர்மை. அம்மாணவி அவ்வாறே எடுத்தார். ஆனால் மேலே போன அறிக்கையில் ஏற்றத்தில் எடுத்த எண்கள் மட்டும் இருந்தன. வற்றத்தில் எடுத்தவை எங்கே என்று கேட்டதற்கு, "அது உங்கள் வேலையன்று, பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்து வேண்டுமா, வேண்டாமா?" என்று விடை கிடைத்ததாம். மூன்று மாதம் வெயிலிலும் சேற்றிலும் நின்றதற்கு அவருக்குக் கிடைத்த படி, பேருந்துக் கட்டணத்துக்கும் போதவில்லை.

இவை இரண்டையும்விட அவரை வருத்திய செய்தி ஒன்று உண்டு. கரையோரத்தில் குடியிருக்கும் முதியவர் ஒருவர் நாள்தோறும் இவரைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் கேட்டாராம்: "ஏம்மா, தவறாமெ வந்து அள்ளிக்கிட்டுப் போறியே, இந்தத் தண்ணியிலே என்னதான் இருக்கு? எங்க பேரப் பிள்ளைங்க எறங்கி விளையாடுதே?" இவர் விடை: "ஐயா, கோவிச்சுக்காதீங்க. அதைச் சொல்ல எனக்கு உத்தரவு இல்லீங்க."

தோழர்களே! இதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஆறு அம்முதியவர் வீட்டு வாசலில் ஓடுகின்றது. நாற்றம் அவருக்கு, கொசு அவருக்கு, வெள்ளம் வந்தால் வீட்டுக்குள் நுழையும் சேறும் அவருக்கு. அவர் ஆற்றைப் பற்றிய எண் மட்டும் அவருக்கு இல்லை! எவருக்குக் கேடோ அவருக்குக் கணக்குக் காட்டப்படாது என்பது எந்த நாட்டு நியாயம்?

இதற்குச் சில பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். "பொது மக்களுக்கு இந்த எண்கள் விளங்கா, வீணே பீதி உண்டாகும்" என்பது முதற் சமாதானம். நூற்றுக்கு 80 வாங்கிய பிள்ளைக்கும் 40 வாங்கிய பிள்ளைக்கும் வேறுபாடு, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத தோட்டத்துத் தாய்க்கும் தெரியும். ஆற்றுக்கு இட்ட மதிப்பெண் மட்டும் எப்படி விளங்காமற் போகும்? பீதி என்பதையும் நாம் பார்த்திருக்கின்றோம். 1997-இல் இந்நாட்டைப் புகைமூட்டம் மூடியதன் பின்னர், காற்றின் மாசு எண்ணைச் சில ஆண்டுகள் மக்களுக்கு வெளியிடாமல் இரகசியமாக வைத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் அஞ்சுவார்கள் என்பது காரணம். எண்ணை மறைத்ததனால் புகை குறைந்ததா? 2005 ஆகஸ்டில் மீண்டும் கடும் புகை சூழ்ந்தபொழுது, அந்த எண்ணை வெளியிட்டே தீரவேண்டியதாயிற்று. மக்கள் அதைப் பார்த்துப் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்தார்கள், முகமூடி அணிந்தார்கள். அறிந்தவன் தன்னைக் காத்துக்கொள்கின்றான், அறியாதவனே பீதியடைகின்றான்.

மறைத்ததனால் வந்த கேட்டுக்கு உலகம் அறிந்த சாட்சி ஜப்பான் நாட்டு மினமாத்தா. அங்கே 1956-இல் ஒரு விந்தை நோய் வெளிப்பட்டது. கை கால் நடுங்கி, பேச்சுக் குழறி, மீன் தின்ற ஏழை வலைஞர்கள் மடிந்தனர். 1959-இல் அவ்வூர் இரசாயன ஆலையின் மருத்துவமனையைச் சேர்ந்த ஹொசொகாவா என்னும் மருத்துவரே, ஆலைக் கழிவு நீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கும் அதே நோய் வந்தது. விடை கையில் வந்துவிட்டது. ஆனால் ஆலை நிர்வாகம் அதை வெளியே விடவில்லை. பாதரசக் கழிவு 1968 வரையில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் விஷம் உண்டவர்களும், தாய் வயிற்றிலேயே நோய் கொண்டு பிறந்தவர்களும், ஓர் எண்ணை மறைத்ததற்குப் பலியானவர்கள் அல்லரோ?

"மாணவர் அளந்த எண்ணை எப்படி நம்புவது?" என்பது இரண்டாவது சமாதானம். நம்ப வேண்டா, சோதித்துப் பாருங்கள் என்கின்றோம். அமெரிக்காவில் பிளின்ட் என்னும் நகரத்தில் 2014-இல் குடிநீரின் மூலத்தை மாற்றினார்கள். நீர் பழுத்த நிறமாக வந்தது. குழந்தைகளுக்கு மேனியெங்கும் தடிப்பு. அதிகாரிகள் நீர் நன்று என்றே சாதித்தனர். 2015-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரும் அவருடைய மாணவர்களும் ஏறக்குறைய 300 சோதனைப் பெட்டிகளை அவ்வூர் மக்களுக்கு அளித்தனர். மக்களே தத்தம் குழாயிலிருந்து நீர் பிடித்துக் கொடுத்தனர். மாணவர் அளந்தனர், ஈயம் இருக்கின்றது என்று கண்டனர், கண்டதை ஒளிக்காமல் உலகறிய வெளியிட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் நகரம் பழைய நீர் மூலத்துக்கே திரும்பிற்று. அதிகாரிகளின் கையெழுத்து பொய்த்தது. மாணவரின் குப்பி பொய்க்கவில்லை.

"ஆற்றைக் கெடுப்பவர்கள் கரையோரத்து ஏழைகள்தாமே? அவர்களை அப்புறப்படுத்தினால் தீர்ந்தது" என்பது மூன்றாவது. இது சமாதானமன்று, சூழ்ச்சி. கரையில் இருப்பவனும் குப்பை போடுகின்றான், உண்மை. நம்மவர் சாப்பாட்டுக் கடைகளில் கறிச்சட்டி எண்ணெயை நள்ளிரவில் வடிகாலில் ஊற்றுவதும் உண்மை. அதை மூடிப் பேச நாம் வரவில்லை. ஆனால் யார் எவ்வளவு ஊற்றினார் என்பதை எண்ணன்றோ சொல்ல வேண்டும்? எண்ணை மறைத்துவிட்டு ஏழையை நோக்கி விரலை நீட்டுவது எளிது.

ஜூரு ஆற்றின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஜூரு ஆற்றில் கலந்தது. கோல ஜூரு வலைஞர்களின் வலையில் மீன் குறைந்தது. அவர்கள் ஏழை மலாய்க்காரர்கள்; முறையிட அவர்களுக்கு வழி தெரியவில்லை. 1970-ஐ ஒட்டித் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்களுடன் நின்றது. தமிழ்நாட்டிற் பிறந்து பினாங்கை ஊராகக் கொண்டு, 2019-இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் அச்சங்கத்தை நெடுங்காலம் தலைமை தாங்கி நடத்தியவர். மீன் ஏன் செத்தது என்னும் கேள்வியை அவர்கள் விதியிடம் விட்டுவிடாமல் அறிவியலிடம் கொண்டுபோயினர். வலைஞர்கள் பிறகு கூட்டுறவாகச் சேர்ந்து கெராங் சிப்பி வளர்த்தும் பிழைக்க முயன்றனர். கெடுத்தவர் கரையில் இருந்த ஏழையா என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

தோட்டத்துத் தோழர்களுக்கு இன்னும் அருகிலேயே சான்று இருக்கின்றது. செம்பனை ஆலைக் கழிவின் பழுப்பு நிறமும் புளித்த நாற்றமும் நீங்கள் அறியாதவை அல்ல. சுத்திகரிக்காத அக்கழிவு ஒரு லிட்டர், ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் பிராணவாயுவைத் தின்னும் வல்லமையுள்ளது. ஒரு காலத்தில் அது அப்படியே ஓடைகளில் விடப்பட்டது. அந்த ஓடைகளே லயத்துப் பிள்ளைகள் குளித்த ஓடைகள். 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம்வரை விடலாம் என்று தொடங்கி, ஆண்டுதோறும் இறுக்கிக்கொண்டே வந்து, 1984-இல் 100 என்று குறுக்கினார்கள். முதலாளிமார் மனம் இளகியதால் இது நடக்கவில்லை. எண் ஒன்று எழுதப்பட்டது, அதை மீறினால் உரிமம் போகும் என்றாயிற்று, ஆகவே நடந்தது. அளக்க ஆளில்லாவிட்டால் அந்த விதி வெறுங்காகிதம். அளக்கும் கையே சட்டத்தின் கை.

அளக்கும் கை தளர்ந்த இடத்தில் என்ன நேர்கின்றது என்பதை ஜொகூரில் பார்த்தோம். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரவோடிரவாக இரசாயனக் கழிவைக் கொட்டினர். பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தனர். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஆற்றில் விழுந்தது ஆற்றோடு போய்விடும் என்று நினைத்திருப்பவர்கள், அது வகுப்பறைக்குள் வந்ததை நினைவில் வைக்கட்டும். பினாங்கு வீட்டுக் குழாய்களில் வரும் நீரின் பெரும்பகுதியும் கெடாவிலிருந்து இறங்கும் மூடா ஆற்று நீர்தான். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகின்றது, ஆற்றைப் பற்றி எனக்கென்ன என்று பேசுபவர், தம் குழாயின் மறுமுனை எங்கே இருக்கின்றது என்று பார்க்கவேண்டும்.

இப்பொழுது நம்மவரிடம் திரும்புகின்றோம். எண்ணை மறைக்கும் அதிகாரி ஒரு பக்கம். அந்த எண்ணை எடுத்துவரும் பிள்ளையை நாணச் செய்யும் உறவினர் மறுபக்கம். இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவரும் ஒரே வேலையைச் செய்கின்றனர். அம்மாணவி ஒரு கலியாண வீட்டில், "சாக்கடைத் தண்ணீர் அள்ளுகிறாளாமே!" என்று கேட்ட சிரிப்பை மறக்கவில்லை. டாக்டர் நோயாளியின் மலத்தையும் சிறுநீரையும் சோதித்தால் கைகூப்புகின்றோம். ஆற்றின் கழிவைச் சோதிப்பவளைக் கண்டால் சிரிக்கின்றோம். டாக்டருக்குப் பணம் வருகின்றது, இவளுக்கு வரவில்லை என்பதைத் தவிர வேறு என்ன வேறுபாடு? இச்சிரிப்பைக் கேட்டு நம் பிள்ளைகள் இத்துறையை விட்டு ஓடினால், நம் தோட்டத்து ஓடையையும் நம் பட்டணத்து ஆற்றையும் பற்றி நம் மொழியில் நமக்குச் சொல்ல எவரும் இரார். கெடுப்பவனுக்கு அதைவிட வேறு வரம் வேண்டுமா?

ஆகையினால் நாம் வேண்டுவன இவை. தாய் தந்தையரே, உங்கள் பிள்ளை ஆற்றங்கரைக்குப் போகின்றேன் என்றால் தடுக்காதீர்கள், பெருமையோடு அனுப்புங்கள். பயிற்சி தருவோரே, மாணவரின் உழைப்பை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். வயிறு நிறையப் படி கொடுங்கள். ஏழைப் பிள்ளை பட்டினி கிடந்து அறிவியல் பயில முடியாது. அப்படியானால் அளக்கும் வேலை செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே போய்ச் சேரும். அவர்கள் எடுத்த எண்ணை அவர்கள் பெயரோடு, எடுத்த வேளையோடு, ஏற்றம் வற்றம் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். பினாங்கு மாநிலச் சட்டமன்றம் 2010-இல் தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேற்றிற்று. அதை ஏட்டில் வைக்காமல் ஆற்றங்கரையில் நடுங்கள். ஒவ்வொரு பாலத்தருகிலும் ஒரு பலகை. அதில் அந்த மாதத்து மதிப்பெண். மலாயிலும் சீனத்திலும் தமிழிலும். செலவு மிகுதியன்று, மனம் வேண்டும்.

பினாங்கில் தமிழ்ப் பள்ளிகள் 28 உண்டு. அவற்றின் பிள்ளைகள் ஆண்டுக்கு நான்கு முறை தம் பள்ளிக்கு அருகிலுள்ள ஓடையில் நீர் எடுத்து, நிறம் மாறும் தாளைத் தோய்த்துப் பார்த்து, கண்ட எண்ணைப் பள்ளிச் சுவரில் எழுதலாம். காவிரியைப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளை, ஆயர் ஈத்தாம் ஆற்றைப் பற்றியும் ஒரு வரி எழுதட்டும். ஆலயங்களும் சங்கங்களும் கூட்டம் போடும்பொழுது, மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை இத்துறையில் பயிலும் ஒரு மாணவருக்குக் கொடுக்கட்டும்.

அரசியல்வாதிகள் உங்கள் தோட்டத்துக்கும் உங்கள் தெருவுக்கும் வருவார்கள். தமிழின் தொன்மையைப் பேசுவார்கள். நதிகளின் பெருமையைப் பாடுவார்கள். கைதட்டுவதற்கு முன்னால் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் ஆற்றின் எண் என்ன?" தெரியாது என்பாரானால், தெரிந்துகொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.